கேம் விளையாடிப் படிக்கலாமா? திருகோணமலைப் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வாசிகசாலையின் பின் அறையில் மூன்று பழைய மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு, தரம் 5 முதல் தரம் 10 வரையான பிள்ளைகளோடு வீடியோ கேம் வழியாகப் பாடம் நடத்தி வருகிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பவையும், கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்து ஆசிரியர்கள் போனில் கேட்பவையும்தான் கீழே இருக்கின்றன.

கேம் விளையாடினால் பிள்ளை உண்மையிலேயே எதையாவது படிக்குமா?

படிக்கும். ஆனால் எதைப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கேம் பிள்ளையை எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறதோ, அதைத்தான் பிள்ளை படிக்கும்.

இரண்டு விதமான கேம்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒரு பொம்மை ஓடி ஓடிக் காசு பொறுக்கும். நடுவில் ஒரு கதவு வரும், கதவில் 7 × 8 எவ்வளவு என்று கேட்கும். பிள்ளைக்கு அங்கே விளையாட்டு என்பது ஓட்டம். கணக்கு வழியில் நிற்கும் தொல்லை. விடையை ஊகித்துத் தட்டிவிட்டு ஓடும். பெருக்கல் பழகக் கொஞ்சம் உதவும், அதற்கு மேல் இல்லை.

மற்றது கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் போன்றது. பிள்ளை ராக்கெட் கட்டி ஏவ வேண்டும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் நேரே மேலே ஏவுவார்கள். ராக்கெட் உயரப் போய், நின்று, திரும்ப விழும். எரிபொருளைக் கூட்டுவார்கள், திரும்பவும் விழும். பத்தாவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோதான் ஒரு பிள்ளை ராக்கெட்டைச் சரித்துப் பார்க்கும். பக்கவாட்டு வேகம் போதிய அளவு வந்ததும், விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாமல் கோளைச் சுற்றத் தொடங்கும். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செய்மதிக்கு அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர். கேமில் அதைவிடக் குறைவு போதும். ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேமின் கோள் 600 கிலோமீற்றர் ஆரையுள்ள சின்னக் கோள் என்பதிலிருந்து அடுத்த பாடம் தொடங்கும். இங்கே பாடமும் விளையாட்டும் ஒன்றேதான். இப்படிப்பட்ட கேமைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். (எங்கள் மடிக்கணினிகளில் அது ஓடாது. பழைய மாணவர் ஒருவர் லீவில் வரும்போது தன்னுடைய கணினியைக் கொண்டுவருவார்.)

இன்னொன்றும் உண்டு. அந்த ராக்கெட் பத்துத் தடவை விழுந்தபோது யாரும் அந்தப் பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போடவில்லை. பிழை விடுவது மலிவாக இருக்கும் இடத்தில் பிள்ளை துணிந்து யோசிக்கும். வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளைகள் அந்த அறையில் கதைப்பதைப் பார்த்துத்தான் நான் இதை விடாமல் செய்கிறேன்.

இது இப்போது வந்த புது மோகம்தானே?

இல்லை. 1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள், வரலாற்று வகுப்புக்காக ‘ஓரிகன் டிரெயில்’ என்ற கேமை எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டியில் மேற்கே குடிபெயர்ந்த மக்களின் பயணம்தான் கதை. வண்டிக்கு எவ்வளவு உணவு, எவ்வளவு உடுப்பு, எவ்வளவு தோட்டா என்று பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும். அந்தக் காலத்தில் திரைகூட இல்லை. தட்டச்சு மாதிரி ஒரு இயந்திரம் தூரத்திலிருந்த கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசி, பதிலைக் கடதாசியில் அச்சடித்துத் தந்தது.

எங்கள் பாடசாலையில் ஓடுகிற கணினி ஒன்றுதான். வகுப்பில் 35 பிள்ளைகள். என்ன செய்வது?

மேலே சொன்ன 1971ஆம் ஆண்டு வகுப்பிலும் ஒரே ஒரு இயந்திரம்தான் இருந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றிக் கூடி வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வேகமாகத் தட்டச்சத் தெரிந்தவர் ஒருவர், வரைபடம் பார்ப்பவர் ஒருவர், காசுக் கணக்கு வைப்பவர் ஒருவர்.

உண்மையைச் சொன்னால், பிள்ளைக்கு ஒரு கணினி என்று கொடுப்பதைவிட நாலு பேருக்கு ஒன்று கொடுத்தால்தான் பாடம் நன்றாக நடக்கிறது. தனியாக இருக்கும் பிள்ளை தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். நாலு பேர் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று வாக்குவாதம் வரும். வாக்குவாதம் வந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லும்போதுதான் படிப்பு நடக்கிறது.

ஒரு விதியை மட்டும் முதல் நாளே போடுங்கள்: மவுஸைப் பிடிக்கிறவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுக்கிறவர் மவுஸைத் தொடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இந்த விதி இல்லாமல் நான் நடத்திய முதல் இரண்டு மாதமும் மவுஸ் பையன்கள் கையிலேயே இருந்தது. பெண்பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது என் பிழை. இப்போதும் அதை நினைத்தால் மனம் கஷ்டப்படும்.

35 பேர் என்றால் புரொஜெக்டரில் போட்டு, வகுப்பே சேர்ந்து ஒரு கேமை ஆடலாம். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்னால் ஒவ்வொருவரும் கொப்பியில் “இனி இதுதான் நடக்கும், ஏனென்றால்…” என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் பொத்தானை அழுத்துவேன்.

மைன்கிராப்டில் பிள்ளை வீடு கட்டிக்கொண்டே இருக்கிறான். அதில் என்ன படிப்பு?

நிறைய இருக்கிறது, யாராவது ஒருவர் கேள்வி கேட்டால். அந்தக் கேமில் எல்லாவற்றையும் கட்டி கட்டியாக அடுக்கித்தான் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டியும் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம். ஆகவே கட்டியை எண்ணினாலே கனவளவு.

எங்கள் பிள்ளைகள் கிண்ணியாப் பாலத்தைக் கட்டினார்கள். 2009இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அப்படியே கட்டினால் 396 கட்டி, அதற்குப் பொறுமை போதாது. நாலில் ஒரு பங்காகக் கட்டுவோம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். 99 வந்தது. நீளத்தைக் குறைத்தவர்கள் அகலத்தைக் குறைக்க மறந்துவிட்டார்கள், பாலம் கட்டையாக, குண்டாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். “ஏன் வடிவம் கெட்டுப்போனது?” என்று மட்டும் கேட்டேன். விகிதத்தைப் பற்றி அன்று நான் வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அப்புறம் நீளம், அகலம், உயரம் மூன்றும் நாலில் ஒன்றானால் கனவளவும் நாலில் ஒன்றாகுமா என்று கேட்டேன். 64இல் ஒன்று என்று கண்டுபிடிக்க அடுத்த சனிக்கிழமை வரை ஆனது.

மைன்கிராப்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பாடசாலைகளுக்கான பதிப்பு 2016இல் வந்தது, அதற்கும் உரிமமும் கணக்கும் வேண்டும். நாங்கள் ஆடுவது அதே மாதிரிக் கட்டி அடுக்கும் லுவான்டி என்ற கேம். மைன்டெஸ்ட் என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், கட்டியின் அளவும் அதேதான்.

வீட்டில் வைஃபை இல்லை. போன் டேட்டாவில் இதெல்லாம் கட்டுபடியாகுமா?

ஒருமுறை தரவிறக்கிவிட்டால் பிறகு இணையமே தேவைப்படாதவற்றைத் தேர்ந்தெடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி: எண்ணுதல், நிறம், கடிகாரம், தராசு என்று நூற்றுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டுகள், விளம்பரம் இல்லை, இலவசம். கூட்டல் பெருக்கலுக்கு டக்ஸ் மேத். சாதாரண தர, உயர்தர விஞ்ஞானத்துக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட். மின்சுற்று, எறியம், அலை எல்லாவற்றையும் கையால் மாற்றிப் பார்க்கலாம், சில தமிழிலும் உண்டு. ஃபெட்டைக் கேம் என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகள் அதை விளையாட்டாகத்தான் எடுக்கிறார்கள். ஒருவர் இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டால் ஊருக்கே கொடுக்கலாம்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

ஓம், இதுதான் பெரிய குறை. சொற்கள் குறைவான கேம்களை எடுப்பது ஒரு வழி. ராக்கெட் விழுவதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சொற்கொப்பி கொடுப்பது இன்னொரு வழி. திரையில் வந்த சொல், அது என்ன செய்தது, தமிழில் அதற்கு நாம் என்ன பெயர் வைக்கலாம் என்று எழுத வேண்டும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு: பிள்ளைகளே தமிழில் கேம் செய்வது.

பிள்ளைகளே கேம் செய்வதா? அது பெரிய வேலை அல்லவா?

ஸ்கிராட்ச் இருந்தால் பெரிய வேலை இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது, இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும் செயலி உண்டு. கட்டளைகள் வண்ணத் துண்டுகளாக இருக்கும், ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் ஓடும். பாத்திரங்கள் பேசும் பெட்டியில் தமிழில் தட்டச்சலாம், பிள்ளையின் குரலையே பதியலாம்.

கணித ஆசிரியராக எனக்கு இதில் ஒரு பெரிய கொடை இருக்கிறது. ஸ்கிராட்ச் மேடையின் நடுப்புள்ளி 0, 0. கிடையாக –240 முதல் 240 வரை, நிலைக்குத்தாக –180 முதல் 180 வரை. எங்கள் பிள்ளைகள் கொட்டியாரக் குடாவின் வரைபடத்தைக் கீறிப் பின்னணியில் வைத்து, மூதூருக்கு ஒரு தோணியை ஓட்டினார்கள். வீட்டிலே வள்ளம் வைத்திருக்கும் ஒரு பையன், பாடசாலையில் மறை எண் என்றால் தலையைக் குனிந்துவிடுவான். தோணி வலப்பக்கம் போனால் கூடுகிறது, இடப்பக்கம் போனால் குறைகிறது, நடுவைத் தாண்டினால் கழித்தல் குறி வருகிறது என்று அவன் பத்து நிமிடத்தில் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினான். “சேர், இது தெக்கால போறது மாதிரித்தானே?” என்றான். ஆள்கூற்றுத் தளத்தை அதைவிட நன்றாக நான் படிப்பித்ததில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வைத்து இன்னொரு குழு செய்தது. ஏழு கிணறுகளுக்கும் வெப்பநிலை வேறு வேறு. அவர்கள் வெப்பமானியோடு நேரே போய் அளந்து வந்து, அந்த ஏழு எண்களையும் கேமில் போட்டார்கள். விளையாடுகிறவர் குறைந்த சூட்டிலிருந்து கூடிய சூடு வரை வரிசைப்படுத்த வேண்டும். திரைக்கு முன்னால் செலவழித்ததைவிட கிணற்றடியில் செலவழித்த நேரம்தான் அதிகம்.

“மூளையைக் கூர்மையாக்கும்” என்று விளம்பரம் வரும் ஆப்களுக்குக் காசு கட்டலாமா?

வேண்டாம். லூமோசிட்டி என்ற பெயர்பெற்ற மூளைப் பயிற்சி ஆப்பை நடத்திய நிறுவனம், நிரூபிக்காத பலன்களை விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் கட்டச் சம்மதித்தது. ஒரு புதிரைப் பழகினால் அந்தப் புதிரில் கெட்டிக்காரர் ஆவார்கள். அது அப்படியே பாடத்துக்கும் தாவிவிடும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள்.

அப்படியென்றால் கேமில் படித்தது பரீட்சைத் தாளுக்கு எப்படி வரும்?

தானாக வராது. டிராகன்பாக்ஸ் என்று நோர்வேயில் செய்த ஒரு கேம் இருக்கிறது, 2012இல் வந்தது. பெட்டியை ஒரு பக்கம் தனியே நிறுத்துவதுதான் விளையாட்டு. ஆடி முடித்தவர் அட்சரகணிதச் சமன்பாட்டைத் தீர்த்திருப்பார், அது தெரியாமலே. ஆனால் அதை நன்றாக ஆடிய என் பிள்ளைகளில் சிலர் தாளில் ‘பெட்டி + 3 = 7’ என்று எழுதிக் கொடுத்தபோது விழித்தார்கள். திரையில் தெரிந்தது தாளில் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் நேரத்தை இப்படிப் பிரிக்கிறேன்: விளையாட்டு 20 நிமிடம், அதன்பின் கணினியை மூடிவிட்டு 20 நிமிடம் பென்சிலும் தாளும். “இப்போது என்ன செய்தாய்? அதைக் கணக்கில் எழுதிக் காட்டு. இதே மாதிரி ஒரு கேள்வியை நீ உன் நண்பிக்குச் செய்து கொடு.” இந்த இரண்டாவது 20 நிமிடத்தைக் கைவிட்டால் முதல் 20 நிமிடமும் வீண். புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று பயப்படும் பெற்றோருக்கு நான் கொடுக்கும் உறுதி இந்த இரண்டாவது பாதிதான்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புதிதாகத் தொடங்காதீர்கள். அப்போது கடந்தகால வினாத்தாள்தான் வேலை.

மகன் இரவெல்லாம் ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான். இது நோயா?

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. ஆனால் கூட நேரம் விளையாடுவதை மட்டும் அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. தன்னால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விடக் கேமே முக்கியமாவது, கெடுதல் வந்தபிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையைக் குலைத்து, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான். அப்படித் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். போனைப் பறித்து உடைப்பதால் தீராது.

அவ்வளவு இல்லை என்றால், அவன் எதற்காக விளையாடுகிறான் என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு அது நண்பர்களைச் சந்திக்கும் இடம். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பழகிய பழக்கம். இரவில் போன் பெற்றோர் அறையில் இருக்கட்டும். கேமுக்குள் என்ன கிடைக்கும் என்று தெரியாமலே காசு கட்டித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2018இல் பெல்ஜியம் அவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயது போட்டிருக்கும், அதையும் ஒருதரம் பாருங்கள்.

எவ்வளவு நேரம் விடலாம்?

இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பெரிய பிள்ளைகளுக்கு நித்திரை, வீட்டுப்பாடம், வெளியே ஓடி விளையாடுவது இவை மூன்றும் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் ஏதாவதைப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் பக்கத்தில் இருக்கும் ஊர், தூரத்துக்குப் பஞ்சமில்லை.

வரலாறு படிப்பிக்கும் கேம்களை நம்பலாமா?

அப்படியே நம்பக் கூடாது. ஆனால் வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு கேமும் யாரோ ஒருவர் எழுதிய விதிகள். மேலே புகழ்ந்த ஓரிகன் டிரெயிலே குடியேறிகளின் கண்ணால்தான் உலகத்தைக் காட்டியது. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த மக்கள் அதில் ஓரமாகத்தான் வந்தார்கள் என்ற விமர்சனம் நியாயமானது.

சிவிலைசேஷன் மாதிரி நாடு கட்டும் கேமில் கரையோர நகரத்துக்கு ஏன் மதிப்பு அதிகம் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, எங்கள் துறைமுகத்தைக் காட்டுவேன். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1782இல் ஒரே ஆண்டுக்குள் பிரித்தானியர் பிடித்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1795இல் மறுபடி பிரித்தானியர். பிரெட்றிக் கோட்டை வாசலைத் தினமும் கடந்து கோணேசர் கோயிலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் அந்தக் கல் ஏன் அங்கே நிற்கிறது என்று உறைக்கும். ஒருநாள் ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை கேட்டாள்: “இந்தக் கேம்ல கப்பல் இருக்கு, கோட்டை இருக்கு. வலை போடுற ஆக்கள் எங்க, சேர்?” அன்றிலிருந்து எந்தக் கேமை ஆடினாலும், “இதில் யார் இல்லை?” என்று எங்கள் அறையில் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறோம்.

கரண்ட் போனால்?

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களிலும் அறை பூட்டவில்லை. தரையில் சோக்கட்டியால் தாயக்கட்டம் கீறினோம். நான்கு சோகிகளை எறிந்தால் நடக்கக்கூடியவை 16. ஒன்றும் நிமிராமல் விழ 1 வழி, ஒன்று நிமிர 4, இரண்டு நிமிர 6, மூன்று நிமிர 4, நான்கும் நிமிர 1. 160 தடவை எறிந்தால் இரண்டு நிமிர்வது 60 தடவைக்குக் கிட்ட வர வேண்டும். பிள்ளைகள் எறிந்து கோடு போட்டு எண்ணினார்கள், அப்படி வரவில்லை. சோகிக்கு ஒரு பக்கம் கூன், ஒரு பக்கம் தட்டை, நாணயம் மாதிரி இரண்டு பக்கமும் சமமில்லையே என்று அவர்களே காரணம் கண்டார்கள். கரண்ட் வந்தபிறகு அதையே ஸ்கிராட்சில் எழுதி, கணினிச் சோகியையும் கடற்கரைச் சோகியையும் ஒப்பிட்டார்கள். நிகழ்தகவுப் பாடம் மூன்று கிழமை அதிலேயே ஓடியது.

எனக்குக் கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் இருந்து என்ன செய்வது?

தெரியாதவராகவே இருங்கள். பிள்ளையிடம் “இது என்ன? ஏன் இப்படிச் செய்தாய்? அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கப்படுத்தும்போது பிள்ளைக்குத் தெளியும்.

உப்புவெளியிலிருந்து பேத்தியைக் கூட்டிப்போக வரும் ஒரு அம்மம்மா எப்போதும் வாசல் படியில்தான் இருப்பார். ஒருநாள் திரையில் தாயக்கட்டத்தைக் கண்டு உள்ளே வந்து பார்த்தார். “வெட்டினா இன்னொருக்கா ஆடலாமே, அது எங்க?” என்றார். பிள்ளைகள் அந்த விதியை எழுதவே இல்லை. பேத்தி அவரை நாற்காலியில் இருத்தி, விதி விதியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். வெட்டினால் மறு ஆட்டம் என்பதைச் சேர்த்ததும் நிரல் குழம்பி, ஒரே ஆள் ஆடிக்கொண்டே இருந்தார். இன்னும் சரிவரவில்லை. அம்மம்மா இப்போது சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார்.